வாத்தியாரைக் கேளுங்கள்: முட்டை ஏலமும் மணியண்ணனும்

போன இதழில் மிஷன் பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரே ஒரு பத்திதான் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். நான் 31 வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்த பள்ளியின் பெயரும் இங்கே வராது. பென்ஷன் காகிதத்துக்காக அந்தப் படியை நான் இன்னும் மிதிக்க வேண்டியிருக்கிறது.

அரசு உதவி பெறும் கிறிஸ்தவப் பள்ளியில் சேர்ந்து 2 வருஷம் ஆகிறது. மாதாமாதம் ஒரு செய்தி மடல் போடும் பொறுப்பைத் தலைமையாசிரியை என் தலையில் கட்டிவிட்டார். முதல் மடலில் 7 படம், ஏழிலும் பொன்னாடை. போட்ட எனக்கே தூக்கம் வருகிறது. என்னதான் எழுதுவது?
— ஓர் ஆசிரியை, சாயர்புரம்

பொன்னாடையை எடுத்துவிடுங்கள் என்று சொல்லி உங்களை வம்பில் மாட்டிவிட மாட்டேன் அம்மா. தாளாளரும் சிறப்பு விருந்தினரும் முதல் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். மிச்சப் பக்கங்கள் உங்களுடையவை.

ஒரு செய்தி சொல்கிறேன், இது செய்தியா இல்லையா என்று நீங்களே பாருங்கள். எங்கள் பள்ளியில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு, அதாவது விளைச்சலுக்கு நன்றி சொல்லும் சபைத் திருவிழா ஏலத்துக்கு, பிள்ளைகள் ஆளுக்கொரு பொருள் கொண்டுவருவார்கள். தேங்காய், பூசணி, ஒரு படி அரிசி, கால் கட்டிய சேவல். ஒரு வருஷம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒற்றைக் கோழிமுட்டையைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தான். நம் பக்கத்து ஏலம் உங்களுக்குத் தெரியும். எடுத்தவர் காசைக் கொடுத்துவிட்டுப் பொருளைத் திரும்ப மேசையில் வைப்பார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். அந்த முட்டை 9 கை மாறியது. கணக்கு வாத்தியார் கூட்டிப் பார்த்து 340 ரூபாய் என்றார். பையன் மேசை ஓரமாகவே நின்றிருந்தான். எல்லாம் முடிந்ததும் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "சார், கடைசியில முட்டை யாருக்கு?" என்று கேட்டான். அந்த வருஷத்து ஆண்டு மலரில் பேராயர் வருகைக்கு 4 பக்கம் ஒதுக்கினேன். முட்டைக்கு ஒரு வரிகூட இல்லை. இன்றைக்குப் பழைய மாணவர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது முட்டையைப் பற்றித்தான்.

ஆகவே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போங்கள், சத்துணவுக் கூடத்து வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மூன்றாம் பக்கம் தானாக நிறையும்.

இன்னொன்று. உங்கள் பள்ளியில் செய்திக்குப் பஞ்சமே கிடையாது. அது ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வருவதால் உங்களுக்குச் செய்தியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். திங்கட்கிழமை அசெம்பிளியில் எங்கள் தலைமையாசிரியர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த துண்டுத்தாளை எடுப்பார். எட்டாம் வகுப்புப் பையனின் பாட்டி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கணித ஆசிரியையின் தம்பிக்கு வேலை அமைய வேண்டும். விடுதிச் சமையற்கார அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இரண்டு நிமிஷத்தில் 900 பேருக்குத் தெரிந்துவிடும். அன்று மத்தியானம் அந்தப் பாட்டியின் பேரனுக்கு நாலு டிபன் பாக்ஸிலிருந்து சோறு வரும். இவ்வளவு சீக்கிரம் வேலை செய்கிற பத்திரிகையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் அதில் ஒரு கத்தி இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை வெளியூரிலிருந்து வந்திருந்த ஊழியர், அதாவது பிரசங்கம் செய்கிறவர், ஒருவர் ஜெபம் செய்தார். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பனார் குடியிலிருந்து விடுதலை பெற வேண்டும் என்று, பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் சொல்லி உருக்கமாக ஜெபித்தார். அந்தப் பிள்ளை மூன்றாவது வரிசையில் நின்றிருந்தது. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் சைவன், திறந்துதான் வைத்திருப்பேன். அது பின்னலை முன்னால் இழுத்துப் போட்டு ரிப்பனை அவிழ்த்தது. மறுபடி கட்டியது. மறுபடி அவிழ்த்தது. "ஆமென்" வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தது. பிறகு 11 நாள் பள்ளிக்கு வரவில்லை.

அந்தத் தகவல் ஊழியருக்கு எப்படிப் போனது என்று விசாரித்தால் நூல் என் கையில் வந்து நின்றது. வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில், "பாவம், அவ அப்பா தெனமும் குடிச்சிட்டு வாறாராம்" என்று சொன்ன வாய் என்னுடையது. வகுப்பாசிரியையும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். அந்தத் தாய் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்து, மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசினாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, எங்களுக்கும் வாய் வரவில்லை. மறுநாள் பிள்ளை வந்தது.

அதற்குப் பிறகு துண்டுத்தாளில் எதை எழுதும் முன்பும் அந்தப் பிள்ளையிடம் போய், "சொல்லலாமா?" என்று கேட்டுவிடுவது எங்கள் வழக்கமானது. சில பிள்ளைகள், "பேர் சொல்லாம சொல்லுங்க சார்" என்பார்கள். உங்கள் மடலுக்கும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மடல் வாட்ஸ்அப்பில் வேறு போகிறது. ஊருக்குள் சொன்னது துபாய் வரை போய்விடும்.

நாங்கள் இந்துக்கள். மகள் கிறிஸ்தவப் பள்ளியில் படிக்கிறாள். வேதபாட வகுப்பிலும் காலை ஜெபத்திலும் அவள் இருந்தே ஆக வேண்டுமா? கேட்டால் டி.சி. கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், தூத்துக்குடி

இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு, மூன்றாம் உட்பிரிவு: அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில், மதப் போதனையிலும் வழிபாட்டிலும் ஒரு பிள்ளையைக் கலந்துகொள்ளச் செய்ய வேண்டுமானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பள்ளியை நிறுவி நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்குக் கொடுப்பது 30ஆவது பிரிவு. இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன; தலைமையாசிரியருக்கும் தெரிந்தே இருக்கும்.

ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். சண்டைக்குப் போகிற முகத்தோடு போகாதீர்கள். எங்கள் பள்ளியில் இப்படி எழுதிக் கொடுத்த பிள்ளைகள் அந்த நேரத்தில் நூலகத்தில் இருந்தார்கள், நூலகப் பொறுப்பு என்னிடம் இருந்தது. அதில் பாதிப் பேர் இரண்டாம் வாரமே வேதபாட வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். அங்கே கதை சொல்வார்கள், இங்கே நான் இலக்கணம் கேட்பேன்.

தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன்காரர்தான் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவப் பள்ளிகளுக்கு ஆரம்பம் என்கிறார்களே, உண்மையா? எங்கள் ஊர்ப் பெருமைக்காகக் கேட்கிறேன்.
— ஒரு வாசகர், பொறையார்

கத்தோலிக்கக் குருமார்கள் அதற்கு முன்பே இங்கே இருந்தார்கள், அவர்களை விட்டுவிட முடியாது. சீர்திருத்தத் திருச்சபை (புராட்டஸ்டன்ட்) வரிசையில் கேட்டால், ஆமாம், பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் ஜெர்மன்காரர் சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினார். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். வந்தவுடன் அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும்: உள்ளூர்த் திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளியை நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். பள்ளி தொடங்க வந்தவர் முதலில் ஒரு பள்ளியில் சேர்ந்தார். அடுத்த வருஷமே பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. 1719இல் போய்விட்டார், வயது 36தான்.

சாயர்புரத்து ஆசிரியைக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. தரங்கம்பாடியிலிருந்து அவர்கள் எழுதிய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஜெர்மனியின் ஹாலே நகரில் 1710 முதல் அச்சிட்டு வந்தார்கள். பள்ளி எப்படி நடக்கிறது, என்ன தட்டுப்பாடு என்பதெல்லாம் கப்பலேறிப் போய் அங்கே படிக்கப்பட்டது. படித்தவர்கள் ஜெபித்தார்கள், காசும் அனுப்பினார்கள். உங்கள் மடலுக்கு 300 வயது தாண்டிய பாட்டன் இருக்கிறான்.

எங்கள் பள்ளியில் அசெம்பிளியில் ஐயரவாள் ஜெபம் பண்ணினால் 20 நிமிஷம். வெயிலில் தலை சுற்றுகிறது. என்ன செய்யலாம்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், நாசரேத்

வெளியூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். தம்பி, வேப்பமர நிழல் எந்த வரிசையில் விழுகிறது என்று பார்த்து அங்கே நில். காலையில் வெறும் வயிற்றோடு வராதே. உன் கடிதத்தை இங்கே அச்சுப் போட்டுவிட்டோம். இந்தப் பத்திரிகை உங்கள் ஐயரவாள் வீட்டுக்கும் வருகிறது என்று எனக்குத் தெரியும்.

நெற்றி நிறையத் திருநீறோடு 31 வருஷம் கிறிஸ்தவப் பள்ளியில் எப்படிக் காலம் தள்ளினீர்கள்? மனம் கோணவே இல்லையா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி டவுண்

இதில் நான் முதல் ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் மெதடிஸ்த மிஷன் பள்ளியில் படித்தார், அங்கேயே பாடமும் சொன்னார். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கியபோது கூட இருந்து உதவினார். பிறகு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மிஷன் பள்ளிகள் நடந்த விதத்தையே சைவத்துக்குக் கொண்டுவந்தார். அவர் நாவலர், வெளியே வந்து பள்ளி தொடங்கினார். நான் வெறும் வாத்தியார், உள்ளேயே இருந்து கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வசனம் எழுதினேன்.

22 வருஷம் எழுதினேன். குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடிய ஏரோது ராஜாவுக்கு எழுதுவதுதான் சுகம். தேவதூதனுக்கு என்ன எழுதினாலும் ஒரே மாதிரி இருக்கும். ஏரோதுக்குக் கை தானாக ஓடும். அந்த வேஷத்துக்கு அடிதடியே நடக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு வீடாகப் பாடிப் போகும் கீத பவனிக்குப் பிள்ளைகள் அச்சடித்த பாட்டுத்தாளில் ஒற்று விட்டுப்போயிருந்தால் திருத்திக் கொடுப்பதும் என் வேலைதான். "சார் கையில குடுத்தா இயேசுவுக்கே சந்தி போட்டுருவாரு" என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள்.

மனம் கோணியது உண்டு. பணிமூப்புப்படி தலைமையாசிரியர் பதவி எனக்கு வந்திருக்க வேண்டிய வருஷம் ஒன்று இருந்தது. வரவில்லை. சிறுபான்மைப் பள்ளியில் தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு, நீதிமன்றங்களும் அதை ஏற்றிருக்கின்றன. சட்டம் புரிந்தது, வயிற்றெரிச்சல் போக ஒரு வருஷம் ஆனது. அந்த டிசம்பரில் ஏரோதின் வசனம் வழக்கத்தைவிடக் காரமாக இருந்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள்.

பாளையங்கோட்டையில் அத்தனை பள்ளி இருக்கிறதே, உங்களுக்கு எது பெரிது?
— ஒரு வாசகி, தென்காசி

பெரியது எது என்று சொன்னால் மற்ற பள்ளிக்காரர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மனசுக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். 1890களில், அஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்கும், ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்கும் பாளையங்கோட்டையில் பள்ளி ஏற்படுத்தினார்கள். ஊசிக் கோபுரத் தேவாலயத்தைப் பார்க்க வருகிறவர்கள் அப்படியே அந்தத் தெருக்களையும் ஒரு நடை நடந்து வரலாம்.

என் தாயார் உடுவில் மகளிர் கல்லூரியில் படித்தவர். இலங்கைப் பள்ளிகளைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதுவதில்லை.
— ஒரு வாசகி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சென்னையில் வசிப்பவர்

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் அம்மா. அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியையும் தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைத் தேடித்தேடி அச்சேற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டையில் படித்தவர். 1841இல் அந்த மிஷன் வெளியிட்ட 'உதயதாரகை' பத்திரிகைக்கு முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. இருவரும் வட்டுக்கோட்டையில் படித்த தமிழர்கள். உங்கள் தாயாரின் பள்ளி ஞாபகங்களை உட்கார்த்தி வைத்துக் கேட்டு எழுதி அனுப்புங்கள். என்ன பாட்டு, எந்த மரத்தடி, யார் அடித்தார்கள் என்பது வரை வேண்டும்.

எங்கள் பள்ளிக்கு அடுத்த வருஷம் நூற்றாண்டு. பழைய மாணவர் சங்கத்தில் ஒரு சாரார் நினைவு வளைவு கட்ட வேண்டும் என்கிறார்கள், ஒரு சாரார் மலர் போட வேண்டும் என்கிறார்கள். நீங்கள் மலர் போட்டுப் பழகியவர். என்ன சொல்கிறீர்கள்?
— சங்கச் செயலாளர், திசையன்விளை

வளைவு கட்டினால் அதன் கீழே லாரி போகாது, பிறகு இடிக்கச் சொல்வார்கள். முதலில் பள்ளி அலுவலகத்துப் பீரோவைத் திறந்து சேர்க்கைப் பதிவேடுகளைப் பாருங்கள். கரையான் தின்றது போக மிச்சம் இருப்பதை ஸ்கேன் எடுத்து வையுங்கள். 60 வயதில் பிறந்த தேதிக்கு அத்தாட்சி தேடிக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி தன் அப்பாவின் கையெழுத்தைப் பதிவேட்டில் பார்த்துவிட்டு அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை. கிளார்க் பக்கத்தைத் திருப்ப முடியாமல் நின்றார். அதற்குப் பிறகு காசு மிஞ்சினால் கழிப்பறை. அதற்கும் பிறகு மலர்.

மலர் போட்டால் ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள், அதை நான் செய்து முடித்துவிட்டேன்.

எங்கள் பள்ளியில் மணி என்பது வேப்பங்கிளையில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அதை அடித்தவரை எல்லோரும் மணியண்ணன் என்போம். வெயிலில் நின்று நின்று அவர் ஒரு தோள் மட்டும் கறுத்திருக்கும். கடைசிப் பீரியடில் யாராவது பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால் அரை நிமிஷம் முந்தி அடித்துவிடுவார். அவர் ஓய்வு பெறும் வருஷம் மலரில் முழுப் பக்கம் அவருக்கு என்று நான்தான் அடம்பிடித்தேன். படம் நன்றாக வந்தது. கீழே, "பள்ளியின் இதயத்துடிப்பு, திரு. மணி" என்று போட்டேன். சொற்றொடரில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

வெளியீட்டு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு பிரதியோடு வந்தார். "நல்லா இருக்கு சார்வாள். ஒண்ணே ஒண்ணு. மணிங்கது என் பேரு இல்ல."

28 வருஷம் ஒரே வளாகத்தில் இருந்தவர். சம்பளப் பட்டியலில் மாதாமாதம் அவர் பெயர் வந்துகொண்டுதான் இருந்தது. நான் என் வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி அச்சகத்துக்கு ஓடி அவர் பெயரைச் சின்னச் சீட்டுகளாக அடித்து வாங்கிக்கொண்டு வந்தேன். விடுதிப் பையன்கள் ஆறு பேர், இரண்டு கோந்து பாட்டில், 400 பிரதி. ராத்திரி 1 மணி வரை ஒட்டினோம். அவரும் போகாமல் உட்கார்ந்து, கோணலாக ஒட்டியதையெல்லாம் நகத்தால் நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

இந்தப் பதிலை எழுதுவதற்காக என்னிடம் இருக்கும் பிரதியை எடுத்தேன். சீட்டு உதிர்ந்துவிட்டது. கோந்துக் கறைக்கு நடுவில் "திரு. மணி" பளிச்சென்று தெரிகிறது. பக்கங்களுக்கு இடையில் உதறிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கடையில் கோந்து வாங்கிவரப் பேரனை அனுப்பியிருக்கிறேன்.